பழைய வெண்ணெய்

மூக்கு கெட்டுப்போய்விட்டது என்று ஒருத்தியை நம்பவைக்க ஆறு வாரம் போதும். சொல்கிறவர்கள் சொந்த அக்காவும் அக்கா புருஷனுமாக இருந்துவிட்டால் அவ்வளவு நாள்கூட வேண்டாம்.

அவள் பீர் காய்ச்சுகிறவள். பெரிய தொழிற்சாலை என்று நினைத்துவிட வேண்டாம். முன்னால் பன்னிரண்டு மேசை போட்ட ஒரு கூடம், பின்னால் நான்கு எஃகு டேங்குகள் நிற்கும் ஓர் அறை, இரண்டுக்கும் நடுவில் எட்டுக் குழாய்கள் வைத்த நீளமான மரக் கவுன்டர். அவ்வளவுதான் கடை. பின் அறை அவளுடையது, கூடம் அத்தானுடையது, கல்லாவில் அக்கா. குடிக்க வருகிறவர்கள் அத்தானுக்கு 'வாத்தியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் பீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பக்கத்து மேசைக்காரன் தன் கூட்டாளியோடு பேசுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வான். அவளுக்கு வைத்த பெயர் 'மூக்கு'. மூடின டேங்கிலிருந்து காற்று வெளியேறும் சின்னக் குழாயை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, "நாளைக்கு மத்தியானம் ரெடி" என்பாள். மறுநாள் மத்தியானம் ரெடியாக இருக்கும். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆறு வாரத்துக்கு முன்னால் அவள் வீடு மாற்றினாள். அதற்கு மூன்று நாள் லீவு. போவதற்கு முன்னால் இரண்டாவது டேங்கில் ஒரு காகிதத்தை ஒட்டி, 'வெள்ளிக்கிழமை வரை குளிர வைக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுத்தான் போனாள். உள்ளே இருந்தது இளமஞ்சள் பீர், கடையிலேயே சாதுவான சரக்கு. ஈஸ்ட் என்பது உயிருள்ள சாமான். சர்க்கரையைத் தின்று பீராக்கும்போதே கொஞ்சம் குப்பையும் போடும். கடைசி இரண்டு நாள் வெதுவெதுப்பாக விட்டுவைத்தால், தான் போட்ட குப்பையைத் தானே பெருக்கிவிட்டுத் தூங்கப் போகும். அவசரப்பட்டுக் குளிர வைத்தால் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டுப் படுத்துவிடும். அந்தக் குப்பைக்கு ஒரு வாசனை உண்டு. கெடத் தொடங்கின வெண்ணெயின் வாசனை.

அத்தானுக்கு டேங்க் அவசரமாக வேண்டியிருந்தது. புதன்கிழமையே குளிர வைத்துவிட்டார். காகிதத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டதற்கு, "பாத்தேன். ரெண்டு நாள்ல என்ன குடியா முழுகிடும்?" என்றார்.

அவள் ஒரு வாய் குடித்ததுமே துப்பினாள். "அத்தான், இது போச்சு. கொட்டிடலாம்."

அத்தான் ஒரு கிளாஸ் பிடித்தார். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார், சுழற்றினார், மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார். பிறகு வழக்கம்போல அக்காவிடம் நீட்டினார். எந்தப் புது பீரானாலும் அக்காவிடம் ஒரு தடவை கொடுத்து வாங்கிவிட்டுத்தான் அவர் வாயைத் திறப்பார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகும் இப்படி ஒரு புருஷனா என்று அவளுக்கே சில சமயம் பொறாமையாக இருக்கும். அக்கா முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். கிளாஸை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேடி."

"நல்லா மோந்து பாருக்கா. பழைய வெண்ணெய் வாசனை வரல?"

"வீடு மாத்தின தூசி உன் மூக்குல இருக்கும். போய் முகத்தைக் கழுவு."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். வாசனை அப்படியே இருந்தது. வாடிக்கையாக வருகிற நான்கு பேரைப் பிடித்துக் குடிக்கச் சொன்னாள். நான்கு பேரும் குடித்துவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்த்தார்கள். "மென்மையா, வழவழன்னு இருக்கும்" என்றார் வாத்தியார். நான்கு தலையும் ஆடின. வாத்தியாரே சொல்லிவிட்ட பிறகு அவனவன் நாக்குக்கு என்ன வேலை? மறுநாள் முதல் அந்த நான்கு பேரும் சத்தம் போடாமல் வேறு குழாய்க்கு மாறிவிட்டார்கள். ஏன் என்று அத்தான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

இரண்டாவது வாரம் அத்தான், "டாக்டரைப் பாரும்மா" என்று பரிவாகச் சொன்னார். மூன்றாவது வாரம் அக்காவே அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் அவள் கண்ணைக் கட்டி, காப்பித்தூள், சோப்பு, எலுமிச்சைத் தோல் என்று ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினார். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். "மூக்குக்கு ஒண்ணும் இல்ல. மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்று கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியில், "ஓய்வெடுத்தா சரியாயிடும்டி" என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அதன் பிறகு ஒரு நாள் வீட்டில் அவள் புருஷன் பால் பாத்திரத்தை நீட்டி, "கெட்டுப்போச்சா பாரு" என்றான். "நீங்களே பாருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல்லி அது தப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. ஒரு பாத்திரம் பாலுக்குப் பயந்தவள் நாலாயிரம் லிட்டர் பீருக்கு எப்படிச் 'சரி' சொல்வாள்?

ஆகவே அத்தான் ஒரு ஏற்பாடு செய்தார். திங்கட்கிழமை புது ஆள் வருகிறான். குடித்துப் பார்த்து 'சரி' சொல்வதும் 'கொட்டு' சொல்வதும் இனி அவன் பொறுப்பு. அவளுக்கு டேங்க் கழுவுகிற வேலை, பீப்பாய் நிரப்புகிற வேலை. "உன் நல்லதுக்குத்தான்" என்றார் அத்தான். அக்கா எதிரிலேயே நின்றாள். இவளும் தலையை ஆட்டிவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை இது. மத்தியானம் மூன்று மணி. கூடத்தில் பாதி மேசைகள் நிறைந்திருந்தன. இளமஞ்சளில் இன்னும் ஒன்பது பீப்பாய் மிச்சம். தெரிந்தவன் எவனும் தொடமாட்டேன் என்கிறான் என்றதும் அத்தான் கண்டுபிடித்த வழி, குழாய்களுக்கு மேலே கரும்பலகையில் வெள்ளைச் சாக்கட்டியால் எழுதியிருந்தது: 'பீர் குடிப்பது இதுதான் முதல் முறையா? ஏழாம் குழாயிலிருந்து தொடங்குங்கள்.'

அதைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு பற்றி எரியும். முதல் கிளாஸ் குடிக்கிறவனிடம்தான் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவனுக்கு ஒப்பிட வேறு கிளாஸ் கிடையாது. நாம் ஊற்றுவதுதான் அவனுக்கு பீர். தன் மூக்கையே நம்பாமல் போன பிறகும் இந்த ஒரு விஷயத்தில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. 'அவங்களுக்கு என்ன தெரியப்போகுது' என்று அத்தான் அக்காவிடம் முணுமுணுத்ததை அவள் காதாலேயே கேட்டிருந்தாள். தெரியாதவன் தலையில் கட்டுவதற்குப் பெயர் சிபாரிசாம்!

கவுன்டருக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தார். முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் வரிவரியாக இருந்தன. கரும்பலகையை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு அவளைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார்.

"நான் பேக்கரி வெச்சிருக்கேம்மா. இந்த வயசு வரைக்கும் பீர் குடிச்சதே இல்ல. பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு. மாப்பிள்ளைப் பையனுக்கு இதுதான் உசிரு. வாரம் ஒரு கடை, மாசம் ஒரு ஊருன்னு தேடித் தேடிக் குடிக்கிறான். என்னோட உக்காந்தா அவனுக்குப் பேச ஒண்ணும் இல்ல, எனக்கும் இல்ல. ஒரு கிளாஸை வெச்சுக்கிட்டு அவனோட ஒரு மணி நேரம் உக்கார்ற அளவுக்குக் கத்துக்கணும். எதைக் குடிச்சா எனக்குப் பிடிக்கும்?"

அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. 'எது நல்ல பீர்' என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். 'எனக்கு எது பிடிக்கும்' என்று கேட்கிறவர் அபூர்வம்.

"ரொட்டி கருகிப்போனா சுரண்டிட்டுச் சாப்பிடுவீங்களா, அப்படியேவா?"

"அப்படியேதான். கருகின ஓரம் தனி ருசி."

"ஆரஞ்சு உரிச்சா தோலை மோந்து பாப்பீங்களா?"

"மோந்து பாத்துட்டு ஓரத்தைக் கடிச்சும் பாப்பேன்" என்று சிரித்தார்.

"காப்பிக்குச் சக்கரை?"

"அரைக் கரண்டி."

அவளுக்குப் போதும். மனசுக்குள் கிளாஸ்களை வரிசையாக அடுக்கிவிட்டாள். முதலில் கோதுமை பீர், சின்னக் கிளாஸில். அது ரொட்டி மாவு தெரிந்த மனுஷனை அந்நியமாக நிறுத்தாது. அப்புறம் வறுத்த பார்லி போட்ட கருப்பு பீர், கருகின ஓரம் பிடிக்கிறவருக்கென்றே செய்தது. பீருக்குக் கசப்பேற்றும் பூவை அள்ளிப் போட்ட ஐந்தாம் குழாயை இன்றைக்குக் காட்டவே கூடாது. அதை ஒரு மாசம் கழித்து மாப்பிள்ளை வாங்கிக் கொடுக்கட்டும். கோதுமை பீர் வரும் மூன்றாம் குழாயின் பிடியில் கை வைத்தாள்.

"முதல் தடவையா!" அத்தான் எங்கிருந்தோ வந்து பேக்கரிக்காரர் தோளில் கை போட்டார். "வாங்க, வாங்க. இவகிட்ட விட்டா பரீட்சை வெச்சே அனுப்பிடுவா." ஏழாம் குழாயைத் திறந்து பெரிய கிளாஸ் நிறையப் பிடித்தார். நுரை அழகாக நின்றது. அழகில் ஒரு குறையும் இல்லை. "இதுல ஆரம்பிங்க. தேன் வாசனை லேசா வரும், புல்லு காஞ்ச வாசனை வரும், கடைசியில தொண்டையில சுத்தமா முடிஞ்சிடும்."

'கெட்டது' என்று அவள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒருவேளை தேன் வாசனைதான் வருகிறதோ, தனக்குத்தான் வரவில்லையோ என்று ஒரு நொடி நினைத்தாள். மூன்றாம் குழாயிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

பேக்கரிக்காரர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். நின்றார். மறுபடி முகர்ந்தார். மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார். குடித்துவிட்டு, பரீட்சையில் பதில் தெரியாத பையனைப் போல அத்தானைப் பார்த்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா இதுல வெண்ணெய் வாசனை வருதே. நல்ல வெண்ணெய் இல்ல, டின்னை மூடாம நாலு நாள் வெளியில விட்டா வருமே, அது. எங்க கடையில அந்த வாசனை வந்தா டின்னோட தூக்கி எறிஞ்சிடுவோம்."

ஆறு வாரம். ஆறு வாரத்தில் அவள் சொல்லி யாரும் ஒத்துக்கொள்ளாத, இந்த மனுஷரிடம் சொல்லவே சொல்லாத வார்த்தை, அவர் வாயிலிருந்து தானாக வருகிறது.

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். "புதுசா குடிக்கிறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும் சார். நாக்கு பழகல. இன்னும் நாலு வாய் போகட்டும், தேன் வரும் பாருங்க."

"ஓ, அப்படியா" என்றார் பேக்கரிக்காரர். அவர் முகம் வாடியது. "எனக்குத்தான் தெரியல போல." கடனே என்று இன்னொரு வாய் குடித்தார். கண்ணை இறுக்கிக்கொண்டு விழுங்கினார். முப்பது வருஷம் வெண்ணெயோடு புழங்கின மனுஷர், பத்து நிமிஷத்தில் தன் மூக்கைக் கழற்றி அத்தான் கையில் கொடுத்துவிட்டார்.

அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தனக்கு நடந்தபோது வராத கோபம், இன்னொருவருக்கு நடப்பதைப் பார்த்தபோது முகத்தில் எள்ளும் கொள்ளுமாக வெடித்தது. தனக்கும் இதைத்தானே செய்தார்கள்!

பின் அறைக்குப் போனாள். ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் ஒப்பிடுவதற்கென்று இரண்டு பாட்டில் எடுத்து வைப்பது வழக்கம். போன தடவை காய்ச்சின இளமஞ்சளில் ஒரு பாட்டிலைத் திறந்து ஒரு கிளாஸில் ஊற்றினாள். பீப்பாயிலிருந்து கெட்டதை இன்னொரு கிளாஸில் பிடித்தாள். நிறம் ஒன்று, நுரை ஒன்று. கண்ணால் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்து அத்தான் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"இதுல ஒண்ணு போன தடவை காய்ச்சினது. ஒண்ணு இந்தத் தடவை. எது எதுன்னு சொல்லுங்க அத்தான்."

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?"

"வாத்தியார்தானே? சொல்லுங்க."

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. "சொல்லுங்க வாத்தியாரே" என்று ஒருத்தன் உற்சாகப்படுத்தினான். அத்தானால் மறுக்க முடியவில்லை. ஒவ்வொன்றையும் தூக்கினார், சுழற்றினார், முகர்ந்தார், கண்ணை மூடினார். பிறகு சிரித்துக்கொண்டே இரண்டையும் கல்லாப் பக்கம் நீட்டினார். "எங்க வீட்டு நீதிபதி என்ன சொல்றாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா முதல் கிளாஸை முகர்ந்தாள், முகத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதை முகர்ந்தாள். சின்ன வயதிலிருந்து பிடிக்காத வாசனை வந்தால் அக்காவின் மூக்கு நுனி ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். இழுத்தது. கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது மோதிர விரலால் அதன் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இதுதான் இந்தத் தடவை காய்ச்சினது" என்று அத்தான் அந்தக் கிளாஸை உயர்த்தினார். "அது போன தடவையோடது. ரெண்டுமே அருமை!"

கூடம் கை தட்டியது.

மோதிர விரலின் இந்த இரண்டு தட்டலை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! அன்பு என்று நினைத்துப் பார்த்திருக்கிறாள், பொறாமைகூடப் பட்டிருக்கிறாள். தட்டில் இருந்த கிளாஸ்களை எடுத்துக் கவுன்டருக்குக் கீழே கொண்டுபோய் இடம் மாற்றினாள், மறுபடியும் மாற்றினாள், மேலே வைத்தாள்.

"இப்ப சொல்லுங்க. அக்காகிட்ட குடுக்காம."

அத்தான் இரண்டையும் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். கூடத்தில் இரண்டு பேர் சிரித்து, பிறகு நிறுத்திக்கொண்டார்கள். அவர் கண் தானாகக் கல்லாப் பக்கம் போய் வந்தது. நெற்றியில் வேர்த்துவிட்டது.

"வேலை நேரத்துல விளையாட்டு போதும்" என்று கிளாஸைக் கீழே வைத்தார்.

இந்த மனுஷருக்கு வாசனையே தெரியவில்லை. அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இவள் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டு அவரை நார்நாராகக் கிழித்திருக்கலாம். கூடமே காத்திருந்தது. அவள் ஏழாம் குழாயின் பிடியைத் திருகிக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏழாம் குழாய் பீர் கெட்டுப்போச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "காய்ச்சினவ நான். நானே சொல்றேன். கையில வெச்சிருக்கறவங்க குடுங்க, வேற ஊத்தித் தர்றேன்." பேக்கரிக்காரர் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினாள். கோதுமை பீரைச் சின்னக் கிளாஸில் பிடித்து அவர் முன்னால் வைத்தாள். "உங்க மூக்கு சரியாத்தான் இருக்கு. இதைக் குடிங்க."

அவர் கிளாஸைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினார். "இதுல என்ன வாசனை வரணும்மா?"

அவர் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. "வரணும்னு எதுவும் இல்ல. உங்களுக்கு என்ன வருதோ அதைச் சொல்லுங்க. யார் மூஞ்சியையும் பாக்காதீங்க, என் மூஞ்சியையும் சேத்து."

அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு முகர்ந்தார். வெகுநேரம் எடுத்துக்கொண்டார். "ராத்திரி பிசைஞ்சு வெச்ச மாவு, காலையில மூடியத் திறந்தா வருமே" என்றார். "நல்லாருக்கு."

அவள் பின் அறைக்குப் போய் முதல் பீப்பாயை உருட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து கதவைச் சாத்தினாள்.

"எல்லாரும் பாக்கறாங்கடி. அவர் தலையைத் தூக்க முடியாம உக்காந்திருக்காரு."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமாச்சு. அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல அவருக்கு. மல்லிகையும் தெரியாது, பெட்ரோலும் தெரியாது. பீர் வாத்தியாருக்கு மூக்கு இல்லன்னு வெளியில தெரிஞ்சா யாரு வந்து அவர் பேச்சைக் கேப்பாங்க? உடைஞ்சு போயிடுவாருடி. நீ ஒவ்வொரு பீருக்கும் எழுதி வைக்கிற சீட்டைத்தான் ராத்திரி உக்காந்து மனப்பாடம் பண்ணுவாரு."

தேன், காய்ந்த புல், தொண்டையில் சுத்தமாக முடியும். அவள் எழுதினதுதான். போன தடவை காய்ச்சினதற்கு எழுதினது.

"வாசனை தெரியாதது தப்பில்லக்கா. என்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு மூக்குக்கும் சேத்து நான் ஒருத்தி மோந்து சொல்லியிருப்பேன். இந்த பீர் கெட்டது உனக்கு எப்பத் தெரியும்?"

அக்கா தரையில் கிடந்த ரப்பர் குழாயைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"எப்பத் தெரியும்?"

"முதல் நாளே" என்றாள் அக்கா. "அவர்கிட்ட, வாசனை கொஞ்சம்தான் இருக்கு, யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன். அவர் அவசரப்பட்டதாலதான் கெட்டுச்சுன்னு வந்தா, ஏன் மோந்து பாக்கலன்னு கேள்வி வரும். ஒண்ணு தொட்டு ஒண்ணு வெளியில வந்துடும்."

"அதுக்காக என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியா? பக்கத்துல உக்காந்து, அவர் என் கண்ணைக் கட்டி சோப்பை நீட்டறதைப் பாத்துட்டு இருந்தியா? மூணு வாரமா மூக்குல மருந்து ஊத்திக்கிட்டேன்க்கா! வீட்டுல பால் கெட்டுச்சான்னு சொல்ல பயந்தேன்! அவர் உடைஞ்சு போயிடுவாரு, சரி. நான்?"

அக்கா தரையைப் பார்த்தாள். "நீ தாங்கிக்குவேன்னு நினைச்சேன்."

சொந்த அக்கா. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் ராத்திரி பூராவும் நெற்றியில் ஈரத்துணி போட்டவள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் பொய்யே இல்லை, பாராட்டுகிற மாதிரிகூட இருந்தது. அதுதான் இவளால் பொறுக்க முடியாமல் போனது. தாங்குகிறவள் என்று ஒருத்தி வீட்டில் இருந்துவிட்டால் மற்றவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்!

"தாங்க மாட்டேன்" என்றாள். "இனிமே எதையும் தாங்க மாட்டேன். திங்கக்கிழமை அந்த ஆள் வரணுமா வேண்டாமா, நான் இங்க இருக்கணுமா போகணுமா, அதை நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ண வேண்டாம். நான் பண்ணிட்டுச் சொல்றேன். இப்ப இதைப் பிடி."

ரப்பர் குழாயின் நுனியை அக்கா கையில் திணித்தாள். மறுமுனையைப் பீப்பாயில் மாட்டினாள். அக்கா மறுக்கவில்லை. தரை ஓரத்தில் தண்ணீர் போகிற கால்வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வால்வைத் திறந்ததும் பீர் சீறிக்கொண்டு வந்து விழுந்து, நுரை கணுக்கால் வரை எழும்பியது. ஜன்னல் இல்லாத அறை. இரண்டாவது பீப்பாய் பாதி காலியாவதற்குள் நாற்றம் குடலைப் பிடுங்கியது. அக்கா புறங்கையால் மூக்கை மூடிக்கொண்டாள், கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அது நாற்றத்தால் வந்ததா வேறெதனாலா என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற மனநிலையில் அவள் இல்லை.

மூன்றாவது பீப்பாயைத் திறந்தபோது கதவு திறந்தது. அத்தான் உள்ளே வந்து நின்றார். வெறுங்கையோடு, மூக்கை மூடாமல், பூந்தோட்டத்தில் நிற்கிற மாதிரி சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். கால்வாயில் ஓடுகிற பீரைப் பார்த்தார். அக்கா மூக்கைப் பொத்தியிருந்த கையைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"ரொம்பவா அடிக்குது?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள்.

"அவளைக் கேக்காதீங்க" என்றாள் இவள். "என்னைக் கேளுங்க."

அத்தான் கால்வாய்ப் பக்கம் குனிந்து ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தார். கடைசியில் அவள் பக்கம் திரும்பினார். கடை தொடங்கின இந்த ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, சிரிக்காமல், தோளில் தட்டாமல் கேட்டார்.

"ரொம்பவா அடிக்குதும்மா?"

"ஆமா அத்தான். ஆறு வாரமா அடிக்குது" என்று சொல்லிவிட்டு, நான்காவது பீப்பாயை அவர் பக்கமாக உருட்டிவிட்டாள்.